குல்லா போட்டவர் யார்?

கேள்வி: அடுத்த மாதம் ஈக்வடார் போகிறேன். ஆண்டிஸ் மலையில் குவெங்கா என்ற சின்ன ஊரில் இரண்டு நாள் தங்கல். பார்க்க வேண்டிய இடங்கள் எவை? அங்கே பனாமா தொப்பி மலிவாகக் கிடைக்குமாமே?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சின்ன ஊரா? ஈக்வடாரின் மூன்றாவது பெரிய நகரம் ஐயா அது! போகட்டும். 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று பட்டியல் போடுவதில்லை என இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, பலமுறை வசவும் வாங்கியவன் நான். இன்று என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் 'பனாமா'.

அந்தத் தொப்பிக்கும் பனாமாவுக்கும் என்ன உறவு? பார்சலுக்கும் லாரி ஆபீசுக்கும் உள்ள உறவுதான்.

ஈக்வடாரின் கடலோரத்தில் டோக்கியா என்றொரு செடி. பார்த்தால் பனங்கன்று மாதிரி இருக்கும், பனை இனமில்லை. அதன் குருத்தை நாராகக் கிழித்து, வேகவைத்து, உலர்த்தி மலைமேல் அனுப்புகிறார்கள். குவெங்காவைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள் உச்சிவட்டத்தில் தொடங்கி, விரலை நனைத்து நனைத்துச் சுற்றுச் சுற்றாகப் பின்னி இறங்குவார்கள். வெயில் ஏறினால் நார் விறைத்து ஒடியும். ஆகவே விடியற்காலையும் அந்திப்பொழுதும்தான் பின்னலுக்குத் தோது. மிக நுண்ணிய தொப்பிக்கு மாதக்கணக்கில் ஆகும். மலிவாகக் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள்!

இத்தனையும் செய்தவள் ஈக்வடார்க்காரி. ஆனால் தொப்பி கப்பலேறி விற்பனைக்குப் போனது பனாமா வழியாக. 1849இல் பனாமா வழியாகக் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடியவர்கள் பனாமாவிலேயே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். 1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் வேலையைப் பார்வையிட அதைப் போட்டுக்கொண்டு போனார். படம் பத்திரிகைகளில் வந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஏமாற்றுவதைத் தமிழில் 'குல்லா போடுவது' என்கிறோம். ஒரு நாட்டுக்கே அதன் சொந்தக் குல்லாவைப் போட்டுவிட்ட கதை வேறெங்கும் உண்டா? 2012இல் யுனெஸ்கோ இந்தப் பின்னல் கலையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது 'ஈக்வடார் டோக்கியா தொப்பி' என்றே எழுதியது. அச்சுப்பிழை திருத்துபவருக்குத்தான் இப்படியொரு பொறுமை வரும்.

இடங்களா? சரி, இரண்டு சொல்கிறேன். நீலக் குவிமாடங்கள் கொண்ட புதிய பேராலயம்: 1885இல் தொடங்கினார்கள். அஸ்திவாரம் தாங்காது என்று தெரிந்ததும் முன்கோபுரங்களை மொட்டையாக நிறுத்திவிட்டார்கள். நம் ஊரென்றால் விசாரணைக் கமிஷன். அங்கே அதையே ஆசையாகக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று, சான் செபஸ்தியான் சதுக்கம். பூமியின் வடிவத்தை அளக்கப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வந்தார்களே, அவர்களோடு வந்த அறுவை மருத்துவர் சென்யேர்க், உள்ளூர்க் காதல் சண்டை ஒன்றில் தலையிட்டார். 1739இல் காளைச் சண்டைத் திருவிழாவின்போது அங்கே கூட்டம் அவரைத் தாக்கியது, காயத்தால் இறந்துபோனார். பூமியை அளக்க வந்தவர்கள் ஊர்க்காரர்களின் மனத்தை அளக்கத் தவறிவிட்டார்கள். உங்கள் இரண்டு நாளில் பஞ்சாயத்து எதுவும் வேண்டாம்.

தொப்பி வாங்கினால் உள்பட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'ஈக்வடார்' என்று இருந்தால் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.