உண்டியலில் விழுந்த கேள்விகள்

தெரு நூலகத்தின் ஒழுகும் கூரையைச் சீர்செய்ய நிதி திரட்டுவதற்காகக் காட்பாடியில் நடந்த கூட்டத்தில், தோட்ட அமைப்பைப் பற்றியும் வீட்டு அலங்காரத்தைப் பற்றியும் நான் இரண்டு மணி நேரம் பேசினேன். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் அதைச் சீட்டில் எழுதிப் பத்து ரூபாயுடன் உண்டியலில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. நேரமின்மையால் விடுபட்ட சீட்டுகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பாதிச் சீட்டுகளில் திசையும் இல்லை, அளவும் இல்லை. பணம் கட்டிக் கேட்டவர்கள் என்பதால் அவற்றையும் ஒதுக்க மனம் வரவில்லை.

இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் மஞ்சளாகின்றன; நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (சத்துவாச்சாரி)

பார்த்ததை ஒழுங்காக எழுதியதற்கு நன்றி. பாதி விடை உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நம் போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, பத்து நாளுக்கு ஒருமுறை மாலையில் இலைகளின் மீது தெளியுங்கள். மூன்று முறை போதும். தரையில் சிந்தவிடாதீர்கள், துருக்கறை எளிதில் போகாது. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் இரண்டையும் இந்தச் செடிக்கு மட்டும் போட வேண்டாம்.

காகிதப்பூச் செடி தழைக்கிறது, பூக்கவில்லை. (கணியம்பாடி)

தண்ணீரையும் எருவையும் பாதியாகக் குறைத்து, நாள் முழுவதும் வெயில் விழும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள்.

ஹாலுக்கு என்ன நிறம் அடித்தால் நன்றாக இருக்கும்? (ஊர் குறிப்பிடப்படவில்லை)

ஊர் மட்டுமா, எதுவுமே குறிப்பிடப்படவில்லை. ஹால் எந்தத் திசையைப் பார்க்கிறது, எத்தனை ஜன்னல்கள், தரை என்ன நிறம் என்று தெரியாமல் நிறம் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பதைப் போன்றது. பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிடித்த இரண்டு நிறங்களைச் சுவரில் இரண்டடிச் சதுரமாக இரண்டு பூச்சு அடித்து, காலை வெளிச்சத்திலும் இரவில் விளக்கு வெளிச்சத்திலும் ஒரு வாரம் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். புதுச் சிமெண்ட் பூச்சாக இருந்தால், சுவர் நன்றாக உலர ஒரு மாதம் விட்ட பின்பே பெயிண்டரை அழையுங்கள்.

மொட்டை மாடி முழுவதும் ஒரு அடி மண் கொட்டிப் புல் வளர்க்கலாமா? (குடியாத்தம்)

கூடாது. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875-இன்படி, ஆள் நடமாடும் கூரையின் கணக்கில் சேர்க்கும் பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர அடிக்கு ஏறத்தாழ 15 கிலோதான். நனைந்த மண் ஓரடி உயரத்துக்குச் சதுர அடிக்கு 50 கிலோ இருக்கும். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பைகளை, கீழே சுவரோ பீமோ இருக்கும் கோட்டின் மேல் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். வைப்பதற்கு முன் ஒரு குடம் தண்ணீரை மாடியில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தண்ணீரின் வழியைப் பார்த்துவிட்டுத்தான் அழகைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் நான்கு முறை சொன்னேன். இது ஐந்தாவது முறை.

வீட்டைச் சுற்றி வெறும் மண்ணாக இருக்கிறது. வேப்பமரத்தின் அடிவரைக்கும் பேவர் பிளாக் பதிக்கப் போகிறோம். எந்த டிசைன் எடுப்பாக இருக்கும்? (விருதம்பட்டு)

இதே கேள்வியோடு ஆறு சீட்டுகள் வந்தன. பதிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை, எந்த டிசைன் என்றுதான் ஆறு பேரும் கேட்கிறார்கள். பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு, ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணலைத்தான் பார்க்கிறோம் என்று வருந்துகிறவர்கள், தங்கள் வாசலில் விழும் மழையை மட்டும் ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காமல் தெருச் சாக்கடைக்கு அனுப்பப் பணம் செலவழிப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி முற்றத்தில் அது 90 ஆயிரம் லிட்டர், அதாவது ஏழு லாரித் தண்ணீர். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது கூரைக் குழாயைக் குழியில் விட்டவர்கள்தாம், இப்போது அந்தக் குழியைச் சுற்றியுள்ள நிலத்தை மூடுகிறார்கள்.

மரத்துக்கு நேர்வது தனிக் கதை. இருபது ஆண்டுகளுக்கு முன், கொத்தனார் சொன்னதைக் கேட்டு என் வீட்டு வேம்பின் அடியை நானே சிமெண்டால் மூடினேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உச்சிக் கிளைகள் காயத் தொடங்கின. காற்றும் நீரும் போகாத மண்ணில் உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அழிந்துவிட்டன. தளத்தை உடைத்தும் மரம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சித்திரை வெயிலில் 42 டிகிரிக்குக் காயும் ஊரில், நிழல் தருகிற மரத்தைக் கொன்றுவிட்டுச் சூடேறும் கல்லைப் பதிப்பதை அலங்காரம் என்று என்னால் சொல்ல இயலாது.

தளம் வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். வண்டிச் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகள் மட்டும், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். நடைபாதைக்கு நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் கருங்கல் பலகைகளை, சிமெண்ட் இல்லாமல் ஜல்லித்தூள் படுகையில் மூன்று அங்குல இடைவெளி விட்டுப் பதித்து, இடைவெளியில் சிறுகல் நிரப்புங்கள். மரத்தைச் சுற்றி நான்கடி மண்ணாகவே இருக்கட்டும். உதிர்ந்த இலைகளை அங்கேயே பரப்புங்கள். தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, தெருவை நோக்கி இருக்கக் கூடாது, செடிப் பாத்தியை நோக்கி இருக்க வேண்டும். டிசைன் என்று கேட்டால், இதுவே டிசைன்.

மேற்குப் பார்த்த படுக்கையறை மாலையில் அடுப்பாகிவிடுகிறது. கனமான திரை போட்டும் பயனில்லை. (தொரப்பாடி)

கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். பகல் ஒரு மணிக்கு இறக்கி, வெயில் தாழ்ந்ததும் சுருட்டினால் போதும். அந்தப் பக்கத்தில் இடமிருந்தால் கம்பிப் பந்தலில் சங்குப்பூவோ அவரையோ ஏற்றலாம்.

தரையிலிருந்து இரண்டடிக்குச் சுவரில் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. வால்பேப்பர் ஒட்டினால் மறையுமா? (வாலாஜாபேட்டை)

ஒரு மழைக்காலம் மறையும். பிறகு வால்பேப்பரும் பூஞ்சையுமாகச் சேர்ந்து உதிரும். சுவருக்கு வெளியே போய், செடிப் பாத்தி சுவரில் சாய்ந்து உயர்ந்திருக்கிறதா, அருகே குழாய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். பாத்தி மண் உள்தரைக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். ஈரம் வரும் வழியை அடைத்து, கெட்ட பூச்சைச் செதுக்கி எடுத்து, ஒரு கோடை முழுவதும் காயவிட்டபின் பூசுங்கள். ஆறாவது முறையாகச் சொல்கிறேன், முதலில் தண்ணீரின் வழி.

குண்டு மல்லியை எப்போது கவாத்து செய்வது? (அரியூர்)

நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டுங்கள்.

நம் வட்டாரப் பொருள்களைக் கொண்டே கூடத்தை அலங்கரிக்க முடியுமா? (ஆரணி)

ஆரணிக்காரரே இதைக் கேட்கிறாரே என்று வியந்தேன். பெட்டியில் கிழிந்து கிடக்கும் பழைய ஆரணிப் பட்டின் பார்டரைச் சட்டமிட்டு மாட்டுங்கள். நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள், இல்லையேல் சாயம் வெளுக்கும். சோபாவுக்கு எதிரே வந்தவாசிக் கோரைப்பாயை விரித்து, மூலையில் கரிகிரி மண்பாண்டச் சாடி ஒன்று வைத்தால் போதும், இரண்டாவது சாடி வேண்டாம். பாயை ஈரத்துணியால் துடைத்தால், அன்றே நிழலில் உலர்த்திய பிறகுதான் சுருட்ட வேண்டும்.