ஃபாயிலை விட வேண்டும், அதற்குப் புது செட் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஃபாயில் ரோலும் ஒரு க்ளிங் ஃபிலிம் (ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ரோலும் தீர்ந்துவிடுகின்றன. ஜிப் கவர்கள் தனி. இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களையும் ஒழித்துவிட்டு, மூங்கில் நார் டப்பா, மட்கும் கவர், தேன்மெழுகுத் துணி எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன். இன்னொரு பயமும் உண்டு. தக்காளி போட்டுச் சமைத்ததை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து ஃபாயிலால் மூடினேன். காலையில் பார்த்தால் ஃபாயிலில் பொடிப்பொடியாக ஓட்டை. அதைச் சாப்பிட்டது ஆபத்தா?

பதில்: முதலில் ஓட்டை. பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் எவர்சில்வர், மறுபக்கம் அலுமினியம், நடுவில் புளிப்பும் உப்பும் கலந்த ஈரம். உங்களை அறியாமலே ஒரு குட்டி பேட்டரி செய்திருக்கிறீர்கள். அதில் கரைவது அலுமினியம்தான். உணவு எங்கெல்லாம் ஃபாயிலைத் தொட்டதோ அங்கெல்லாம் ஓட்டை விழும், அதற்கு நேர் கீழே உணவின் மேல் சாம்பல் நிறத்தில் புள்ளி இருக்கும். அதை மட்டும் வழித்துப் போடுங்கள். ஒரு நாள் சாப்பிட்டதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தக்காளி, எலுமிச்சை, வினிகர் சேர்ந்த எதையும் ஃபாயிலால் மூடும் பழக்கம் வேண்டாம்.

சரி, அந்தப் பாத்திரத்துக்கு ஒரு மூடி இருந்திருக்குமே, அது எங்கே? நான் பார்த்த வீடுகளில் பாதி ஃபாயில் காணாமல் போன மூடிக்குப் பதிலாகத்தான் செலவாகிறது. இன்றைக்கே எல்லா டப்பாவையும் வெளியே எடுத்து மூடியோடு ஜோடி சேருங்கள். ஜோடி இல்லாத கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் போதும், ஃப்ரிட்ஜில் ஒரு இரவுக்கு அதுவே தாராளம். மூடிகள் கைக்கெட்டும் இழுப்பறைக்கு வரட்டும். ஃபாயில் ரோல் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டிய தட்டுக்குப் போகட்டும். இதில் குறைவது எந்த செட் வாங்கினாலும் குறையாது.

இனி அந்த செட். 'மூங்கில்' என்று விற்கும் டப்பா, கோப்பைகளில் பல மூங்கிலே அல்ல. மூங்கிலைப் பொடித்து மெலமைன் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தவை, அதாவது பிளாஸ்டிக். சூடான, புளிப்பான உணவு பட்டால் ஃபார்மால்டிஹைடு, மெலமைன் என்ற வேதிப்பொருள்கள் கசியக்கூடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் இவற்றைத் தேடிப்பிடித்துத் தடுக்கத் தனி நடவடிக்கையே எடுத்தது. பிளாஸ்டிக்கை விட்டு ஓடுகிறவரிடம் இலைப் படம் ஒட்டிய பிளாஸ்டிக்கை விற்கிறார்கள்! மரம்போல் நார் தெரியாமல், வழவழவென்று ஒரே சீரான வண்ணத்தில் இருந்தால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

'மட்கும்' கவரும் இதே கதைதான். அந்த முத்திரை பெரும்பாலும் சொல்வது, ஏறத்தாழ 58 டிகிரி சூட்டை வாரக்கணக்கில் காக்கிற உர ஆலையில் மட்கும் என்று. உங்கள் வீட்டு உரத் தொட்டியில் அந்தச் சூடு வராது. உங்கள் குப்பை அப்படியொரு ஆலைக்குப் போகிறதா என்று யாரும் கேட்காமலே முத்திரையை அச்சடித்துத் தள்ளுகிறார்கள். முக்கோணத்துக்குள் எண் போட்ட குறியும் அப்படித்தான். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அந்த எண், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்று அதற்கு அர்த்தமே இல்லை. அந்த வடிவத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

அதனால் இருக்கிற டப்பாக்களைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாகச் செய்யும் எதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் பைகளை ஒப்பிட்டபோது, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பக் கணக்கில் அது மெல்லிய பிளாஸ்டிக் பையை வெல்லும் என்று வந்தது. பழைய டப்பாவில் ஆறிய உணவை வையுங்கள். சூடாகவும் எண்ணெயாகவும் இருப்பதை வைக்காதீர்கள், மைக்ரோவேவில் ஏற்றாதீர்கள். கீறல் விழுந்து மங்கிப்போனதில் ஆணி, திருகு போட்டுக்கொள்ளலாம்.

தேன்மெழுகுத் துணி நல்லதுதான். பச்சை இறைச்சிக்கும் சூட்டுக்கும் ஆகாது, குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் உங்களைத் தடுக்கிறேன், அது ஃப்ரீசர். அங்கே காற்று மிக வறண்டது, மூடாத உணவின் ஈரம் உறிஞ்சப்பட்டு மேற்புறம் வெளிறிக் கட்டைபோல் ஆகிவிடும். கவிழ்த்த தட்டு அங்கே எடுபடாது. வாரக்கணக்கில் வைக்கப்போகும் இறைச்சிக்கோ ரொட்டிக்கோ காற்றை வெளியே தள்ளி இறுக்கிக் கட்டிய ஜிப் கவர்தான் சரி. பொருள் கெட்டுக் குப்பைக்குப் போவதைவிட ஒரு கவர் மேல். ரொட்டி வைத்த கவரைக் கழுவிக் காயவைத்து மறுபடி எடுக்கலாம், பச்சை இறைச்சி வைத்ததை வேண்டாம். கண்ணாடி ஜாடியில்தான் வைப்பேன் என்றால் கழுத்துவரை நிரப்பாதீர்கள். நீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், தோள் குறுகிய ஜாடி வெடித்துவிடக்கூடும். நேராக இறங்கும் ஜாடியாகப் பார்த்து, மேலே இரண்டு விரல் இடம் விட்டு, உணவு முழுக்க ஆறிய பிறகு உள்ளே வையுங்கள். அப்புறம் அதை எடுத்தவுடன் சுடுநீரில் இறக்காதீர்கள்.

இருக்கிற ஃபாயில் ரோலைத் தீர்த்துவிடுங்கள். கறை இல்லாத துண்டைத் துடைத்து மூன்று நான்கு முறை பயன்படுத்தலாம். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம்தான் ஆகும். ஆனால் சின்னத் துண்டுகளாகப் போட்டால் தரம்பிரிக்கும் இயந்திரத்தின் இடுக்கில் விழுந்து வீணாகும். கழுவிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, கைமுட்டி அளவு உருண்டையான பிறகு போடுங்கள். போடும் முன், உங்கள் பகுதியில் ஃபாயில் வாங்குகிறார்களா என்று குப்பை எடுக்க வருபவரிடமே கேளுங்கள். தொட்டி மேல் ஒட்டிய நோட்டீஸைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.