முகப்பு மட்டும் நின்றால் போதுமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் ஊருணியை ஒட்டிய பழைய தெரு ஒன்றில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு அடுத்து, முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும் பெரிய வீடு ஒன்று இருக்கிறது. பங்காளிகள் சென்னை, கோவை, மலேசியா என்று பிரிந்து போய்விட்டார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கும். அதை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கி, பூமிக்கடியில் கார் நிறுத்துமிடமும் மேலே ஐந்து மாடிக் குடியிருப்பும் கட்டப் போகிறது. தெருவே இரண்டுபட்டுக் கிடக்கிறது.

எதிர்ப்பு கிளம்பியதும், "முகப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் கட்டுகிறோம்" என்று இறங்கி வந்திருக்கிறார்கள். பாதிப் பேர் அதற்குச் சரி என்றுவிட்டார்கள். பின் தெருவில் கடை வைத்திருப்பவர்களோ, "இத்தனை காலம் எங்களுக்குக் கொல்லைக் கதவைத்தான் காட்டினீர்கள், நாற்பது குடும்பம் வந்தால் எங்களுக்கு வியாபாரம் ஆகும்" என்கிறார்கள். அவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனித் தெருக்காரர்களுக்கு என்ன பேச்சு என்று கேட்கிறார் அந்த வீட்டுப் பெரியவர். செட்டிநாடு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும்போது இடிக்க முடியுமா? முகப்பு நின்றால் போதும் என்று நாங்களும் ஒப்புக்கொள்ளலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

தெருவையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டும் வரிகளை நீக்கிவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முகப்பை மட்டும் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுவதும் இடிப்பதற்கும் முழுவதும் காப்பதற்கும் நடுவில் உள்ள வழிபோல அது தோன்றுகிறது. உண்மையில் அது இடிப்பின் பக்கமே முழுமையாக நிற்கிறது.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பு என்பது தனியே நிற்கக்கூடிய ஓர் உறுப்பு இல்லை. திண்ணை, பட்டாலை என்னும் முன்கூடம், வளவு என்னும் திறந்த முற்றம், அதைச் சுற்றிய அறைகள், பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு, அடுப்படியும் கிணறுமாக உள்ள கடைசிக் கட்டு என்று முன் வாசலிலிருந்து கொல்லை வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கதவுகள் திறக்குமாறு அதை அமைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவுடன் உடம்பில் படுகிற குளிர்ச்சி, அந்தக் கதவுகளும் மேலே திறந்திருக்கும் வளவும் சேர்ந்து இழுக்கும் காற்றினால் வருவது. முன் சுவர் நிமிர்ந்து நிற்பதும் அதன் பின்னால் உள்ள குறுக்குச் சுவர்களும் கூரை உத்தரங்களும் அதைப் பிடித்திருப்பதனால்தான். அவற்றை எடுத்துவிட்டால் முகப்பை இரும்புச் சட்டம் கொண்டு முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். பிறகு அந்தச் சுண்ணாம்புச் சுவரோடு கான்கிரீட்டை இணைப்பார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மையுள்ளது. சிமென்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் சுவரில் உப்பு பூத்துப் பூச்சு உதிரத் தொடங்கும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்து, மேனி மினுங்கும்வரை தேய்த்துப் பூசிய அந்தப் பூச்சைத் திரும்பச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். உங்கள் கடிதத்தில் ஊருணியை ஒரே ஒரு சொல்லாகக் கடந்துவிட்டீர்கள். இந்தத் தகராறின் நடுவே இருக்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். வற்றாத ஆறு எதுவும் அருகில் இல்லாத, மழையை மட்டுமே நம்பிய வறண்ட பூமி இது. அடுத்த முறை மழை பெய்யும்போது அந்த வீட்டின் வளவு ஓரத்தில் நின்று பாருங்கள். நாலா பக்கத்து ஓட்டுக்கூரைகளும் உள்நோக்கிச் சரிந்து, மூலைகளில் உள்ள தகரத் தூம்புகளின் வழியே தண்ணீரை இறக்கும். முதல் மழையில் ஓடு கழுவப்பட்ட பிறகு, தூம்புக்குக் கீழே அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் வளவின் கல்தளத்தில் விழுந்து, வாட்டம் பார்த்துப் பதித்த பலகைக்கற்களின் மேல் ஓடி, மூலையில் துளையிட்ட கல்லின் வழியே தரைக்கடியில் உள்ள கால்வாயில் இறங்கித் தெருவுக்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போகும். வீடு, தெரு, ஊருணி மூன்றும் ஒரே நீர்ப்போக்கின் பகுதிகள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது 2003-இல். உங்கள் தெரு அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அதைச் செய்துவருகிறது.

இந்த நீர்ப்போக்கின் நடுவில்தான் கார் நிறுத்துவதற்குப் பள்ளம் தோண்டப் போகிறார்கள். அந்தப் பள்ளம் உங்கள் வீட்டு அஸ்திவாரத்தைவிட ஆழமாக இறங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது தோண்டப்படும்போது உங்கள் பக்கச் சுவரை எப்படித் தாங்கப் போகிறார்கள், மழைக்காலத்தில் பள்ளத்தில் ஊறும் தண்ணீரை எங்கே இறைத்துவிடப் போகிறார்கள், தரைக்கடிக் கால்வாய் எந்த இடத்தில் வெட்டுப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். பழம்பெருமை பேசினால் கட்டுமானக்காரர் காதில் ஏறாது. இந்தக் கேள்விகளை அவரும் மாநகராட்சியும் தட்டிக்கழிக்க முடியாது.

யுனெஸ்கோவைப் பற்றிய உங்கள் நம்பிக்கையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை இந்தியா சேர்த்தது உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் மட்டுமே. அதனால் எந்த வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கட்டடம் முறையாகப் பட்டியலிடப்பட்டால் அந்தச் சட்டம் துணை நிற்கும். ஆகவே விண்ணப்பம் கொடுங்கள், ஆனால் அதை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். உயரத்தைக் காட்டித் தடுப்பதும் எளிதில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரை எழும் கட்டடம் உயர்மாடிக் கட்டடம் ஆகாது. ஐந்து மாடி அதற்குள் அடங்கிவிடும்.

"பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது" என்ற பேச்சைத்தான் நான் நிதானமாக ஆராய்வேன். மகன் வழியில் மணமான ஒவ்வொருவரின் குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, புள்ளிக்கு ஓர் அறை என்று வீட்டைப் பங்கிடுவது நகரத்தார் வழக்கம். சட்டம் அந்த வழக்கத்தோடு நின்றுவிடவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்கு தந்தன; பிறப்பாலேயே வரும் உரிமை அது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் நிலை வேறு. அப்படி இல்லையென்றால், கட்டிக்கொடுத்துப் போன ஆச்சிமார்களின் கையெழுத்து அந்தப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பெரியவரிடம் மரியாதையாகக் கேட்கலாம். இன்னொன்றும் உண்டு. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கிவிட்டு, பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ள மற்றப் பங்குதாரர்களுக்கு 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் நான்காம் பிரிவு வழி தருகிறது. விற்க மனமில்லாத பங்காளி ஒருவர் இருந்தாலும் அவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இது அந்தக் குடும்பத்தார் கையில் உள்ள உரிமை. அண்டை வீட்டாரான உங்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெரியவரின் நிலைமையையும் எண்ணிப்பாருங்கள். இந்த வீடுகளைக் கட்டிய பணம் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், விடுதலைக்குப் பின் அங்கே நடந்த நாட்டுடைமையாக்கமும் அந்த வருமானத்தை அறுத்துவிட்டன. வீடு மட்டும் அதே அளவில் நிற்கிறது. ஆண்டுதோறும் ஓடு மாற்றவும் கரையான் பார்க்கவும் யாரோ ஒருவர் கைக்காசைப் போட வேண்டியிருக்கிறது. உங்கள் தெருவில் இன்று காக்க வேண்டும் என்று பேசுபவர்களில் எத்தனை பேர் இதுவரை அந்தக் கூரைக்கு ஓர் ஓடு வாங்கித் தந்திருக்கிறார்கள்? செலவில் பங்கெடுக்காமல் அழகில் மட்டும் பங்கு கேட்டால் பெரியவருக்குக் கோபம் வருவது நியாயமே.

பின் தெருக்காரர்களின் பேச்சு இன்னும் நியாயமானது. அந்த வீட்டின் தேக்குத் தூணை இழைத்த ஆசாரியும், சுண்ணாம்பை அரைத்தவர்களும், பந்திக்குச் சமைத்தவர்களும் முன் வாசல் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் இல்லை. வீட்டின் வரலாறு அவர்களுடையதும்தான் என்று இப்போது மட்டும் சொல்லி அவர்களைத் துணைக்கு அழைப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் கேட்பது வியாபாரம். அதற்கு இடம் தரும் திட்டத்தோடுதான் நீங்கள் அவர்களிடம் போக வேண்டும்.

அத்தகைய திட்டம் ஒன்று முடியும் என்றே நம்புகிறேன். முகப்பிலிருந்து வளவும் இரண்டாம் கட்டும் முடியும் வரை கூரையோடு அப்படியே நிற்கட்டும். கடைசிக் கட்டும் கொல்லையும் உள்ள பின் தெருப் பகுதியில், ஓட்டுக்கூரையின் உயரத்தைத் தாண்டாமல், பள்ளம் தோண்டாமல், கடைகளும் மேலே ஒரு தளம் வீடுகளும் கட்டலாம். கொல்லைக் கதவு இருந்த இடத்தில் கடை வாசல்கள் திறக்கட்டும். அந்த வாடகை கூரைச் செலவுக்குப் போகட்டும். படைப்பும் கல்யாணமும் வளவிலேயே தொடரட்டும். கடைசிக் கட்டை இழப்பது எனக்கு வருத்தமே. ஆனால் வளவையும் நீர்ப்போக்கையும் காப்பாற்ற அந்த விலையைக் கொடுப்பேன். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் பெரிய வீடுகள் தங்கும் விடுதிகளாக நடக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். எல்லா வீட்டையும் விடுதியாக்க அவ்வளவு விருந்தினர் வரப்போவதில்லை. 2024-இல் மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் கடைக்கு வாடகைதாரர் கிடைப்பது அதைவிட எளிது.

பேச்சு தொடங்குவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பெரியவரின் அனுமதியோடு வீட்டின் ஒவ்வொரு நிலையையும் தூணையும் கதவையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையையும் அளந்து, படம் எடுத்து, பதிந்துவையுங்கள். வழக்கு இழுக்கும் காலத்தில்தான் பூட்டிய வீட்டிலிருந்து தூண்கள் ஒவ்வொன்றாக முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரும். தரைக்கடிக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே ஊருணியில் சேர்கிறது என்ற வரைபடத்தையும் அதனுடன் சேர்த்துவிடுங்கள். பின் தெருவில் அதை வருடாவருடம் தூர்வாரியவர் யாராவது இருந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு போய் வரையுங்கள்.