சுவாமி மன்னித்தார், தங்கை பேசவில்லை

மதிப்பிற்குரிய அம்மா,

நான் யாழ்ப்பாணம் பாசையூரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். வயது 52. என் தங்கை என்னோடு பேசுவதில்லை. ஒரே கோயில், ஒரே பூசை. சமாதானம் சொல்லும் நேரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்களைக் கும்பிடுகிறாள். ஊரே பார்க்கிறது.

நான் செய்தது பிழைதான். 2004இல், போர்நிறுத்தத்தால் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், கனடாவிலிருந்து அவளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. "சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது" என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். பொய் சொல்லவில்லை, மூன்று வயதில் காய்ச்சலோடு வந்தது உண்மை. அந்தப் பேச்சு குழம்பியது. பிறகு வந்தவையும் சரிவரவில்லை. அதற்கெல்லாம் நானா காரணம்?

கடந்த தவக்காலத்தில் எங்கள் கோயில் குருவான சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் பாவமன்னிப்புத் தந்தார். அபராதமாகச் சொன்ன செபமாலையையும் செபித்து முடித்தேன். மடுத் திருத்தலத்துக்கு நடந்தே போய் மாதாவிடம் அழுதேன். நத்தாருக்குத் தங்கைக்குக் கேக் அனுப்பினேன், திரும்பி வந்தது. அம்மாவின் நினைவுப் பூசைக்குக் கூப்பிட்டேன். தனியாக வேறு பூசை வைத்தாள். கோயிலிலும் முதுகுதான். கடவுளே மன்னித்ததை மன்னிக்காமலிருக்க இவள் யார்? சுவாமியாவது அவளைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லலாம். அவரும் வாய் திறக்கிறார் இல்லை.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு மகளுக்குக் கலியாணம். மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்தல் வாசிப்பார்கள், இவளும் அங்கேதான் இருப்பாள். அது வேறு விடயம். எனக்கு என் தங்கை வேண்டும். அவள் மனத்தை எப்படி மாற்றுவது?

ஓர் அக்கா

அன்புள்ள சகோதரி,

அந்த "வேறு விடயம்" பற்றித்தான் முதலில் பேசவேண்டும். இத்தனை வருடம் அசையாத மனம் கடந்த தவக்காலத்தில் ஏன் அவசரப்பட்டது? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தானா? தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்பதற்காகவே அறிவித்தலை வாசிக்கிறார்கள். நீங்கள் அன்று தரகரிடம் செய்ததை இன்று அவள் உங்கள் மகளுக்குச் செய்துவிடுவாளோ என்று அஞ்சுகிறீர்கள். பெற்றவளுக்கு அந்தப் பயம் வரும், அதில் வெட்கமில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பழிவாங்க நினைத்திருந்தால் உங்கள் மகளைப் பற்றி ஏதாவது சொல்லிவிட அவளுக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்திருக்கும். சொன்னதாக நீங்களே எழுதவில்லை. உங்களைக் கொண்டு அவளை அளக்கிறீர்கள்.

"பொய் சொல்லவில்லை" என்கிறீர்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் நின்றுவிடும். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வருவதில்லை. காய்ச்சல் என்பதைத் தரகரிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தை வாசித்தால் எனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

நீங்கள் பெற்ற பாவமன்னிப்பில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்பதில்தான் உடன்பாடில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2487ஆம் பிரிவில், ஒருவருடைய நற்பெயரைக் கெடுத்தவர் மன்னிப்புப் பெற்றிருந்தாலும் அதை ஈடுசெய்யும் கடமை அவருக்கு உண்டு என்கிறது. செபமாலை உங்களுக்கு நல்லது. தங்கையின் பெயரை அது திருத்தாது. மடு மாதாவிடம் அழுதீர்கள், சுவாமியிடம் சொன்னீர்கள், எனக்கும் எழுதிவிட்டீர்கள். தங்கையிடம் சொன்னதாகக் கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை. கேக் போயிருக்கிறது, கேக்கோடு ஒரு வார்த்தை போகவில்லை. அவள் யார் என்று கேட்கிறீர்கள். அந்த வாழ்க்கையை இழந்தவள்.

சுவாமியை விட்டுவிடுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து அவர் தங்கைக்கு ஒரு புத்திமதி சொன்னாலே அது இரகசியத்தை மீறுவதாகும். அவர் வாய் திறவாதிருப்பது உங்களைக் காப்பதற்காக.

இனி அவள் மனத்தை மாற்றும் வேலையை விடுங்கள். அவளிடம் நேரில் போங்கள். "காய்ச்சல் என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள், "ஆனால்" வேண்டாம். அவளுக்குச் சம்மதமென்றால், அந்தக் கதை தெரிந்த உறவினர்களிடமும் நீங்களே உண்மையைச் சொல்லவேண்டும். உங்களுக்குக் கூசும், அவளுக்கு எத்தனை வருடமாகக் கூசியிருக்கும்! அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், அது அவளுடைய உரிமை. கலியாண அழைப்பிதழை இன்னொரு நாள் கொண்டுபோங்கள். அன்றைக்கு வேண்டாம்.