அமெல் தாய்க்குச் சாம்பல் குட்டியும் வெள்ளைக் குட்டியும் எப்படி வந்தன?

கேள்வி: என்னுடைய அமெல் (கறுப்பு நிறமி இல்லாத) பெண் கார்ன் பாம்பைச் சாதாரண நிற ஆணோடு சேர்த்தேன். 13 குட்டிகள் பொரிந்தன. 5 சாதாரணம், 5 அமெல், 2 சாம்பல், ஒன்று மட்டும் வெளிர் ரோஜா கலந்த வெள்ளை. அமெல் குட்டிகளில் ஒன்றுக்கு முதுகுத் திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. வேறு ஆணோடு சேர்ந்திருக்குமா? இல்லை, இது புது மார்ஃபா (புது நிற வகையா)? அடுத்து எதை எதோடு சேர்க்கலாம்?

பதில்: புது மார்ஃப் எதுவும் இல்லை. உங்கள் ஜோடி இரண்டுமே வெளியே தெரியாத மரபணுக்களைச் சுமந்துகொண்டிருந்திருக்கின்றன, அவை இந்த ஈட்டில் வெளிப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

அமெல் என்றால் கறுப்பு நிறமி இல்லை, அனெரி என்றால் சிவப்பு இல்லை, உங்கள் சாம்பல் குட்டிகள் இந்த வகை. இரண்டும் வேறு வேறு மரபணுக்கள், இரண்டுமே ஒடுங்கு பண்புகள். அதாவது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் நிறம் மாறும், ஒன்று மட்டும் இருந்தால் பாம்பு சாதாரணமாகவே இருக்கும், அதைத்தான் வளர்ப்பவர்கள் ஹெட் என்கிறோம். உங்கள் குட்டிகளில் அமெல் பிறந்ததால் அப்பா ஹெட் அமெல். சாம்பல் பிறந்ததால் அப்பா, அம்மா இருவருமே ஹெட் அனெரி. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள், எல்லாவற்றையும் ஆண் தலையில் போட்டுவிடுவார்கள். அம்மாவிடமும் ஒரு பிரதி இல்லாமல் சாம்பல் குட்டி வரவே வராது. அமெலும் அனெரியும் ஒரே குட்டியில் சேர்ந்ததுதான் உங்கள் வெள்ளைக் குட்டி, அதன் பெயர் ஸ்நோ. அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், முதுகில் மங்கலாகத் திட்டுகள் தெரியும், கண்மணி சிவப்பாக இருக்கும்.

இப்படிப்பட்ட ஜோடிக்கு 16 குட்டி பிறந்தால் சராசரியாக 6 சாதாரணம், 6 அமெல், 2 அனெரி, 2 ஸ்நோ எதிர்பார்க்கலாம். உங்களுக்கு வந்தது 5, 5, 2, 1. இவ்வளவு நெருக்கமாக வருவதே அபூர்வம், ஒரு ஈட்டில் கணக்கு எப்படி வேண்டுமானாலும் ஏறி இறங்கும். (அமெலுக்குக் காரணமான மாற்றம் ஓ.சி.ஏ.2 என்ற மரபணுவில் இருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களின் வெண்தோல் குறைபாட்டில் ஒரு வகைக்கும் அதே மரபணுதான் காரணம்.)

திட்டுகள் ஒட்டிய குட்டிக்கு வருவோம். அது மோட்லி என்ற வடிவ வகையாக இருக்க வேண்டும், ஆனால் முதுகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சாதாரண வடிவப் பாம்புக்கும் அங்கங்கே இரண்டு திட்டு ஒட்டுவதுண்டு. குட்டியைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். கார்ன் பாம்பின் வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள் இருக்கும், அமெலில் கறுப்பு இல்லாததால் அவை ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தெரியும். மோட்லிக்கு அந்தக் கட்டங்களே இருக்காது, வயிறு வெறுமையாக இருக்கும். கையோடு மற்ற 12 குட்டிகளின் வயிற்றையும் பாருங்கள், இன்னொன்று கண்ணில் படலாம். மோட்லியும் ஒடுங்கு பண்புதான், ஆனால் ஸ்ட்ரைப் என்ற கோட்டு வடிவமும் அதே மரபணுவின் இன்னொரு மாற்றம், அதனால் ஒரு பக்கம் மோட்லி, மறுபக்கம் ஸ்ட்ரைப் என்று கிடைத்த குட்டியும் மோட்லியாகவோ அதற்கு நெருக்கமாகவோ இருக்கும். பெற்றோரில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று இந்த ஒரு குட்டியை வைத்துச் சொல்ல முடியாது.

வேறு ஆணா என்ற கேள்வி நியாயமானது. பெண் பாம்புகள் விந்தணுக்களைப் பல மாதம் உடலில் வைத்திருக்கும், ஒரே ஈட்டில் இரண்டு அப்பாக்களின் குட்டிகள் வருவதும் உண்டு. உங்கள் பெண் வளர்ந்த பிறகு வாங்கியதாக இருந்தாலோ, முன்பு வேறு ஆணோடு ஒரே பெட்டியில் இருந்திருந்தாலோ நிறத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த ஆணை, வேறு ஆணோடு சேராத ஒரு ஸ்நோ பெண்ணோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு அமெல், ஒரே ஒரு சாம்பல் வந்தாலும் போதும், இரண்டையும் சுமக்கிறது என்று நிரூபணம். 8 குட்டி பிறந்து ஒன்றுகூட அமெல் இல்லையென்றால், அந்த ஆண் ஹெட் அமெலாக இருந்தும் அப்படி நடக்க 256-இல் ஒரு வாய்ப்புதான்.

இன்னொரு விஷயம், சாம்பல் குட்டிகளை இப்போதே அனெரி என்று எழுதிவிடாதீர்கள். சார்கோல் என்று வேறொரு மரபணு இருக்கிறது, குட்டியில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பெற்றோர் ஹெட் சார்கோலாக இருந்தாலும் இதே கணக்கு வரும். வளரும்போது அனெரிக்குப் பெரும்பாலும் கழுத்தோரம் மஞ்சள் படரும், சார்கோலுக்குப் படராது. தெரியாமல் அனெரியையும் சார்கோலையும் சேர்த்துவிட்டு, இரண்டு சாம்பல் பாம்புக்குச் சிவப்புக் குட்டிகளாகவே பிறக்கின்றனவே என்று திகைப்பவர்கள் உண்டு. காரணம் இதுதான்.

குட்டிகளைக் கைமாற்றும்போது உண்மையை எழுதிக் கொடுங்கள். சாதாரணக் குட்டிகள் ஐந்தும், சாம்பல் இரண்டும் நிச்சயம் ஹெட் அமெல், ஏனென்றால் அம்மாவிடம் கொடுக்க அமெல் தவிர வேறு பிரதியே இல்லை. அனெரி விஷயத்தில் சாதாரணமும் அமெலும் ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புள்ள ஹெட், அதை உறுதி என்று சொல்லக் கூடாது.

அடுத்த ஜோடிக்கு அவசரம் வேண்டாம். பெண் பாம்புக்கு 3 வயது, 3 அடி, 300 கிராம் என்பது பழைய கணக்கு, நான் அதையே கடைப்பிடிக்கச் சொல்வேன். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் ஸ்நோ சுலபமாக வரும், ஆனால் ஒளிந்திருக்கும் நோய்களும் அதே வழியில்தான் வெளியே வரும். ஸ்டார்கேசர் என்ற ஒடுங்கு நோயில் குட்டி தலையை மேலே தூக்கித் திருப்பிக்கொண்டு, நேராக ஊரக்கூட முடியாமல் புரளும், பார்க்கவே மனசு வலிக்கும். சன்கிஸ்ட் என்ற மார்ஃபின் வம்சத்தில் அது அதிகம். உங்கள் பாம்புகளின் தாத்தா பாட்டி யாரென்று தெரியாத நிலையில், ஜோடி சேர்க்கும் முன்பு உரித்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பி ஸ்டார்கேசர் பரிசோதனை செய்துவிடுங்கள், அதே சட்டையிலிருந்து அமெல் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்வார்கள்.