மண்ணுல குரோமியம் இருக்கு சரி, அது யாரோடது?

வாணியம்பாடி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி நாலு பக்கம் எழுதியிருக்கார். சாரம் இதுதான்: பாலாத்தோரம் ரெண்டரை ஏக்கர், ஓடை வழியா டேனரி (தோல் பதனிடற ஆலை) தண்ணி வருது, தென்னை காஞ்சு போச்சு, மாடு ரெண்டு செத்துச்சு, விஏஓ மதிக்கல, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி டேனரிலயே உக்காந்து டீ குடிச்சார். இப்ப தனியார் லேப்ல மண்ண குடுத்து குரோமியம், காட்மியம், ஈயம் மூணும் அதிகம்னு ரிப்போர்ட் வாங்கியாச்சு, பசுமை தீர்ப்பாயத்துல 2 கோடி கேக்கலாமான்றார்.

தம்பி, டீய விடுங்க. மாட்டுக்கு போஸ்ட்மார்ட்டம் பண்ணலைன்னா அதையும் விடுங்க. உங்க கேஸு மொத்தமும் மூணாவது பக்கத்துல போற போக்குல எழுதின ஒரு வரியில இருக்கு: "அப்பா காலத்துல ரெண்டு வருஷம் டேனரி சேறு எருன்னு சொல்லி லாரில இனாமா வந்துச்சு, கொட்டிக்கிட்டோம்." எதிர்தரப்புக்கு இது ஒண்ணு போதும், ஓடைலேர்ந்து எதுவும் வரல, இவங்களே வாங்கி போட்டுக்கிட்டதுன்னு சொல்லிடுவாங்க.

பசுமை தீர்ப்பாய சட்டத்துல 17வது பிரிவப் பாத்துட்டு நிரூபிக்கவே வேணாம்னு நெனைக்கிறவங்க ஜாஸ்தி. கம்பெனி கவனக்குறைவா இருந்துச்சுன்னு நிரூபிக்க வேணாம், அவ்வளவுதான். உங்க மண்ணுல இருக்கறது அவங்க கழிவுன்னு நீங்கதான் காட்டணும்.

இதுல விழுந்தவங்கள நான் பாத்திருக்கேன். ஒரு பெரியவர் ஓடை ஓரத்துல ஒரே எடத்துல மண்ணள்ளி ஊறுகா பாட்டில்ல போட்டு லேபுக்கு எடுத்துட்டுப் போனார், எதிர்ல இருந்த நிபுணர் எங்க எடுத்தது, எவ்ளோ ஆழம், யார் பாத்தா, தண்ணியே பாயாத மேட்டு நெலத்து மண்ணையும் பாத்தீங்களான்னு கேட்டார், எதுக்கும் பதில் இல்ல, ரிப்போர்ட்டு வெறும் காயிதம் ஆயிடுச்சு. அதனால வாய்மடையில ஆரம்பிச்சு கடைமடை வரைக்கும் வரிசையா, மேல்மண்ணு தனி அடிமண்ணு தனின்னு, ஓடைப் படுகை வண்டலையும், பாசனமே இல்லாத மேட்டு மண்ணையும் சேத்து எடுக்கணும். வாய்மடையில ஜாஸ்தியா இருந்து போகப் போக கொறஞ்சா தண்ணியில வந்தது, வயல் முழுக்க உழவு ஆழத்துல ஒரே அளவா பரவியிருந்தா சேறு போட்டதா இருக்கலாம். டேனரி கழிவுன்னா குரோமியத்தோட சோடியம், குளோரைடும் ஏறியிருக்கும், அதையும் லேப்ல கேளுங்க. காட்மியத்த மனுவுலேர்ந்து எடுத்துடுங்க, பாஸ்பேட் உரத்துலயே அது வரும், நீங்க அத டேனரி மேல போட்டா மீதி ரெண்டையும் சந்தேகப்படுவாங்க. மண்ண நீங்களே அள்ளாதீங்க, வாரியம் எடுக்கணும்னு தீர்ப்பாயத்துல கேளுங்க.

அடுத்தது, 2017ல குறைதீர்வு நாள்ல குடுத்த மனுவ ரொம்ப பெருமையா இணைச்சிருக்கீங்க. நஷ்டஈடுக்கு 5 வருஷம், மேல கெஞ்சினா 60 நாள். 2017லயே உங்களுக்குத் தெரியும்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. பாதிப்பு இன்னும் தொடருதுன்னு வாதாடலாம், வாதாடுவேன், ஜெயிக்கும்னு சொல்ல மாட்டேன். 2 கோடி கேட்டா ஒரு சதவீதம் கட்டணம், 2 லட்சம் முன்னாடியே கட்டணும்.

வேலூர் டேனரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு குடுத்த 1996 தீர்ப்புக்கப்புறம் வந்த ஆணையம் 1991-98 பாதிப்புக்கு ஒரு பட்டியல் போட்டுச்சு, அதுல அப்பா பேரு இருக்கான்னு பாருங்க. இருந்து பணம் வரலைன்னா 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு சொன்னது உங்களுக்கும் பொருந்தும், அரசு 6 வாரத்துல குடுத்துட்டு டேனரிகிட்ட வசூல் பண்ணிக்கணும்னு. கேஸ் போடறதவிட இது சுலபம்.

சேறு வெசயம் இருக்கற வரைக்கும் நான் சமரசம்தான் சொல்வேன். தனியா போகாதீங்க, பக்கத்து வயக்காரங்க நாலு பேரோட போங்க. ஆபத்தான கழிவ எருன்னு சொல்லி வயல்ல கொட்டினது அவங்களுக்கும் தலைவலிதான், இறங்கி வருவாங்க. ஆனா "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு ஒரு வரி கண்டிப்பா வைப்பாங்க, குரோமியம் மண்ண விட்டு லேசுல போகாது, உங்க பையன் காலத்துலயும் அங்கதான் கெடக்கும், அதனால மேல்மண்ணு மாத்தற செலவும் மாற்றுத் தண்ணியும் ஒப்பந்தத்துல வராம அந்த வரிக்கு கீழ கையெழுத்து போடாதீங்க. அதுக்கு முன்னாடி அந்த லாரி யாரு அனுப்பினா, டிரைவர் உயிரோட இருக்காரான்னு விசாரிங்க, அது தெரிஞ்சப்புறம் எனக்கு போன் பண்ணுங்க.