க்னூட் நெல்சன் ஒருவரா, இருவரா?

அமெரிக்க அரசியல்வாதி க்னூட் நெல்சனைப் பற்றிக் கட்டுரை எழுதும் நீங்கள், ஒரு குறிப்பில் விஸ்கான்சின் மாநில சட்டமன்ற உறுப்பினர், இன்னொன்றில் மினசோட்டா மாநில சட்டமன்ற உறுப்பினர் என்று இருப்பதால் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆள்தான். 1843-இல் நார்வேயில் பிறந்து, 1849-இல் தாயோடு அமெரிக்கா வந்தவர். விஸ்கான்சின் பண்ணையில் வளர்ந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் 4-ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். 1863-இல் லூசியானாவின் போர்ட் ஹட்சனில் நடந்த சண்டையில் காயமடைந்து சிறைபட்டார். 1868-இல் விஸ்கான்சின் சட்டமன்றம் போனார். 1871-இல் மினசோட்டாவின் அலெக்சாண்ட்ரியாவுக்குக் குடிமாறினார், குழப்பம் இங்கேதான். அங்கேயும் பண்ணை, வக்கீல் தொழில், மாநில செனட். அப்புறம் ஆளுநர், 1895 முதல் இறக்கும்வரை அமெரிக்க செனட்டர். கட்டுரையில் 1889-இன் நெல்சன் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். மினசோட்டாவின் பழங்குடிகளான ஓஜிப்வே மக்களின் நிலம் பெருமளவு பறிபோனது அதனால்தான்.